ஐஸ் பார்க்காத மீனும் மகுடேஸ்வரன் மீசையும்

திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் ஓர் இனம் வாழ்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து, ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புழுதி மட்டுமே வருகிற காட்டில் வளர்ந்து, முதன்முதலில் கடலைப் பார்த்தபோது "இத்தனை தண்ணியும் வீணாப் போகுதே" என்று வயிறெரிந்த பரம்பரையில் வந்து, இன்றைக்கு மீனைப் பற்றிக் கடலுக்கே பாடம் எடுக்கிற இனம். 'மீன் தெரிந்தவர்' என்று இவர்களுக்குப் பெயர். பெயர் வைத்தது யார் என்கிறீர்களா? அவர்களேதான்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கடற்கரைக்குப் போகப்போவதாக நீங்கள் வாய் தவறிச் சொன்னால் போதும். கையிலிருக்கிற டீயைக் கீழே வைப்பார். உங்கள் தோளில் கை போடுவார். குரலை இறக்கி, "அங்க எனக்கொரு எடம் தெரியுமுங்க" என்பார். கையில் ஐயாயிரம் இருக்கிறதா, அதற்கு ஓர் இடம்; ஐந்நூறா, அதற்கும் ஓர் இடம்; பஸ்ஸுக்குப் போக ஐம்பதுதான் மிச்சமா, கவலையே வேண்டாம், லைட்ஹவுஸுக்குப் பின்னால் மூன்றாவது கொட்டகையில் ஒரு அம்மா இருக்கிறார், பேரைச் சொன்னால் இரண்டு துண்டு கூடவே வைப்பார். யார் பேரை? இவர் பேரைத்தான். "போர்டு இருக்காதுங்க. போர்டு இருந்தா அது நல்ல கடையே இல்லீங்க." அவர் சொல்கிற கடைகளுக்குப் போர்டு கிடையாது, போன் நம்பர் கிடையாது, சில சமயம் கடையே கிடையாது.

நம் மகுடேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் குன்னத்தூர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வருகிற டி-ஷர்ட்டில் ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஓரமாக வீசுவது வேலை. இருபத்திரண்டு வருஷமாக 'ரிஜெக்ட், ரிஜெக்ட்' என்று சொல்லிச் சொல்லி, கல்யாண வீட்டில் ஜாங்கிரி வைத்தாலும் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் அவர் நுழைந்தால் கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். மீனின் செவுளைப் பிரித்து ஷேடு பார்ப்பார். முதுகில் இரண்டு விரலால் அமுக்கி, "லைக்ரா துணியாட்ட திரும்பி எந்திரிக்கோணுமுங்க. இது எந்திரிக்கல. ரிஜெக்ட்!" என்பார். இப்படி மார்க்கெட் முழுவதையும் ரிஜெக்ட் செய்துவிட்டு, கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இந்த விரலுக்கு அடுத்தபடியாக அவருக்கு இருக்கிற சொத்து மீசை. கல்யாணத்துக்கு முன்பே வந்து குடியேறிவிட்ட மீசை. அவர் மனைவி ஜெயசுதா கணவனின் மேலுதட்டை இன்றுவரை பார்த்ததில்லை. டி-ஷர்ட்டை ரிஜெக்ட் செய்தால் வலது பக்கம் ஒரு முறுக்கு. மீனை ரிஜெக்ட் செய்தால் இரண்டு பக்கமும்.

இந்த வருஷம் மே மாதம் பெரிய ஆர்டர் ஒன்று நல்லபடியாகக் கப்பல் ஏறிய சந்தோஷத்தில், முதலாளி ஒரு வேன் எடுத்துக் கொடுத்து, "எங்காவது போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஊட்டி என்றார்கள் சிலர். மகுடேஸ்வரன் விடுவாரா?

"ஊட்டியில என்னுங்க இருக்குது, கேரட்டு! ராமநாதபுரத்துக்கு அக்கட்டால எனக்கொரு எடம் தெரியுமுங்க. கடல்ல இருந்து நேராத் தட்டுக்கு. ஐஸ் பாக்காத மீனு!"

கட்டிங் மாஸ்டர் மாரப்பன் எதையும் சந்தேகப்படுகிறவர். "கடக்கரையிலயும் ஐஸ் மீனைத்தான் தலையில கட்டறாங்கன்னு சொல்றாங்களேங்க?"

"என்னையக் கூட்டிட்டுப் போயுமா? நான் பாத்து எடுக்கற மீனு ஐஸ் கண்ட மீனா இருந்துச்சுன்னா, அங்கயே, அந்தக் கடக்கரையிலயே, இந்த மீசைய எடுத்துப்போடறனுங்க!"

தையல் லைனே கைதட்டியது. ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஓவர்லாக் டெய்லர் விஜயராணி. தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துப் பெண், அப்பாவும் அண்ணன்மாரும் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர்கள். "அண்ணாச்சி, இது மே மாசம்லா..." என்று ஆரம்பித்தாள்.

"வெயிலுக்கெல்லாம் பயப்படாத கண்ணு. கடக்கரையில காத்து வரும்" என்று முடித்துவிட்டார் மகுடேஸ்வரன். ஓவர்லாக் அடிக்கிற பெண்ணுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?

காலை ஐந்து மணிக்கு, ஜெயசுதாவையும் சேர்த்து இருபத்திரண்டு பேரோடு வேன் கிளம்பியது. தாராபுரம் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. பின்கதவில் பச்சைக்கிளி ஒன்று சிவப்பு மிளகாயைக் கொத்துகிற படம். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்; கூடவே ஒரு வாடை. முந்திப் போனால் டீக்கடையில் இவர்கள் நிற்கும்போது லாரி முந்திவிடுகிறது. மறுபடி கிளி, மறுபடி மிளகாய், மறுபடி வாடை. ஒட்டன்சத்திரத்தில் இரண்டும் ஒரே கடை முன்னால் நின்றபோது மகுடேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. லாரி டிரைவரிடம் போனார்.

"ஏம்ப்பா, கேரளாவுல இருந்து வர்ற ஐஸ் மீனா? இதையும் காசு குடுத்துத் திங்கறாங்களே, அவங்க நாக்கெல்லாம் என்ன நாக்கோ!"

"எல்லாம் நல்ல நாக்குதான் அண்ணா" என்று சிரித்தபடி டிரைவர் டீயை முடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். மதுரையில் இவர்கள் இட்லி தின்ற நேரத்தில் கிளி பறந்துவிட்டது.

மதியம் கடல் தெரிந்தது. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன், நாளைக்கு நானும் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும். கரை நெடுக விசைப்படகுகள், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, நூறாவது இருக்கும். கடலில் ஒன்றுகூட இல்லை. மகுடேஸ்வரன் வேனிலிருந்து குதித்தார்.

"பாத்தீங்களா! அத்தனை போட்டும் மீனோட திரும்பி வந்துருச்சு! நம்ம நேரத்தப் பாருங்க!"

"பெயிண்டு அடிச்சிட்டிருக்காங்களேங்க?" என்றார் மாரப்பன்.

"லாபம் எச்சாப் போச்சுன்னா பெயிண்டு அடிக்காம என்னுங்க பண்ணுவாங்க?"

விஜயராணி தலையில் அடித்துக்கொண்டு, கையில் ஒரு பையோடு தனியாகக் கரைப்பக்கம் நடந்துவிட்டாள்.

போர்டு இல்லாத கடைக்கு இப்போது போர்டு வந்திருந்தது. போகட்டும். மகுடேஸ்வரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீன் பலகை முன்னால் நின்றார். தூக்கினார், பிரித்தார், முகர்ந்தார், அமுக்கினார். கடைக்காரர் கடற்கரையிலேயே பிறந்தவர்தான். ஆனாலும் மீனுக்கு இப்படி ஒரு வைத்தியப் பரிசோதனை நடந்து அவர் பார்த்ததில்லை. ஏழு வஞ்சிரம் ரிஜெக்ட். எட்டாவதை அமுக்கியதும் மகுடேஸ்வரன் முகம் மலர்ந்தது.

"பாஸ்! இது காலையில அஞ்சு மணிக்குக் கடல்ல நீந்திட்டிருந்த மீனுங்க."

"அஞ்சரை சார்" என்றார் கடைக்காரர். இவ்வளவு தூரம் வந்தவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்ற நல்ல மனசு.

பிறகு நடந்ததைச் சாப்பாடு என்று சொல்லக்கூடாது. குழம்பு வந்தது, வறுவல் வந்தது, சோறு வந்தது, மறுபடி சோறு வந்தது, வேர்வையைத் துடைத்துக்கொண்டே தின்றார்கள், தின்றுகொண்டே பாடினார்கள், மாரப்பன் முள்ளை உறிஞ்சியபடி "மகுடு, நீ மனுசனே இல்லப்பா" என்று கண் கலங்கினார். ஒவ்வொரு இலைக்கும் போய், "ஐஸ் மீனுன்னா சக்கையாட்ட இருக்கும். இது பாருங்க, உசுரோட இருக்குது" என்று விளக்கம் சொன்னார் மகுடேஸ்வரன். நடுவில் விஜயராணி ஒரு பை நிறையச் சாளை மீனோடு வந்து, சமையல்கார அம்மாவிடம் கொடுத்துப் பொரித்து எடுத்துவந்தாள். "அது முள்ளு மீனு கண்ணு, அடிமட்டம்" என்று முகம் சுளித்தபடி மகுடேஸ்வரன் ஒன்றை எடுத்தார். பதினோராவதை எடுக்கும்போதும் முகம் சுளித்தபடிதான் எடுத்தார்.

கை கழுவப் பின்பக்கம் போனார். குழாயைத் திருகினார். நிமிர்ந்தார்.

பச்சைக்கிளி. சிவப்பு மிளகாய்.

லாரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. மகுடேஸ்வரன் கை தானாக மீசைக்குப் போனது. பின்னால் மாரப்பன் செருப்புச் சத்தம். மகுடேஸ்வரன் சட்டென்று திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க தண்ணி வரலீங்க! முன்னால போங்க!"

லாரியிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, ஐஸ் வாடையோடு, மாரப்பன் செருப்பைத் தொட்டது. மாரப்பன் அவர் கக்கத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க... இது நம்ம கிளியல்லோ?"

"ஆமா... இங்க இருந்து கேரளாவுக்கு மீனு ஏத்திட்டுப் போறாங்க."

"பெட்டி கீழல்லோ எறங்குது?"

அதற்குள் டிரைவரே பார்த்துவிட்டார். "அட, ஒட்டன்சத்திரத்து அண்ணா! சாப்பிட்டாச்சா? இறக்கின முதல் பெட்டி உங்களுக்குத்தான் போச்சுன்னாங்க. இப்ப நாக்கு எப்படி அண்ணா இருக்குது?"

வேன் மொத்தமும் பின்கட்டில் கூடிவிட்டது. விஜயராணி மெதுவாகச் சொன்னாள்: "தடைக்காலம்லா அண்ணாச்சி. மீன் முட்டையிடுத சமயம், ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போவாது. அதான் எல்லாம் கரையில கெடக்கு. அன்னைக்கே சொல்ல வந்தேன், காத்து வரும்னுட்டீய. இன்னைக்கு நாட்டுப்படகுல வந்தது அந்தச் சாளை மட்டுந்தான். நூறு ரூவா."

மாரப்பன் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார். பிறகு மகுடேஸ்வரன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், மனுஷன் அப்படி நின்றார். "போச்சாது உடுங்க. மீனு நல்லாத்தான இருந்துச்சு" என்றார். ஜெயசுதாவும், "வெளையாட்டுக்குச் சொன்னதுங்க, வாங்க" என்று கையைப் பிடித்தாள்.

மகுடேஸ்வரன் ஒருமுறை வலது பக்கம் முறுக்கினார். ஒருமுறை இடது பக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி கெஞ்சியும்கூட, அவர் ஒருமுறை ஒதுக்கிய டி-ஷர்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்ததில்லை.

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தானுங்க" என்று சொல்லிவிட்டு, எதிரிலிருந்த சலூனுக்குள் போனார்.

மீசையில்லாமல் வெளியே வந்தார். ஜெயசுதா கிட்டே போய், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க... உங்க அக்காளாட்டவே இருக்கறீங்க!" அவ்வளவுதான். வேன் மதுரை தாண்டும்வரை சிரித்தது. மகுடேஸ்வரனும் சிரித்தார், கடைசியில்.

கதை முடிந்தது, ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மொட்டை உதட்டோடு கம்பெனிக்கு வந்தார். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த சதீஷ்குமார், விவரம் தெரியாமல், மீசை எங்கே என்று கேட்டுவிட்டான். மகுடேஸ்வரன் டீயைக் கீழே வைத்தார். அவன் தோளில் கை போட்டார். குரலை இறக்கினார்.

"மீன் தெரிஞ்சவன் மீசை வெக்கக்கூடாது தம்பி. வாசம் மூக்குக்கு நேராப் போகோணும். நடுவால மசுரு நின்னா ஐஸ் மீனுக்கும் நல்ல மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. கடக்கரையில பெரிய பெரிய ஆளெல்லாம் மழுங்கச் செரைச்சிருக்காங்க. மே மாசம் சாளைதான் திங்கோணும், தடைக்காலமல்லோ. எனக்கொரு எடம் தெரியும்."

இதைக் கேட்டு விஜயராணி சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு டி-ஷர்ட்டின் தோள் கோணிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் பேக்கிங்கில் இரண்டு பேருக்கு மீசை காணாமல் போனது. அடுத்த திங்கட்கிழமை மாரப்பன் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆமாம், கடற்கரைக்குப் போய், வரிசையாக நின்ற படகுகளுக்கு முன்னால் மீன் தட்டோடு போட்டோ எடுத்து, 'இப்பத்தான் பிடிச்சது' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினீர்களே, அது எந்த மாதம்? ஞாபகம் இல்லையா? போனை எடுங்கள், தேதி அதிலேயே இருக்கும். பார்த்தாயிற்றா? சத்தம் போடாதீர்கள். தெருமுனைக் கடையில் பிளேடு கிடைக்கும்.