பதினேழாவது தட்டு

மைதானத்தில் பிரேசிலை யார் யாரோ தோற்கடித்திருக்கிறார்கள். திருக்கோகர்ணத்தில், எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில், இன்றுவரை எந்த நாடும் தோற்கடித்ததில்லை. கடைக்காரர் விடமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். எனக்குத் தெரியாது. ஊரே ‘பிரேசில்’ என்றுதான் கூப்பிடுகிறது. கம்ப்ரசருக்கு மஞ்சள் பெயின்ட், கதவுக்குப் பச்சைப் பெயின்ட். டவுன் பஸ் கண்டக்டர்களே “பிரேசில்லாம் எறங்கு” என்று கத்துகிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால்பந்து பிடிக்காது. அதைப் பார்க்கிறவர்களையும் பிடிக்காது. ஒருநாள் கல்யாண வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பி, வண்டியில் காற்று இல்லாமல் அவர் கடையில் போய் நின்றேன். வெளிர்நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சட்டைய மாத்திட்டு வாங்க சார்.”

“ஏன்யா?”

“அது அர்ஜென்டினா சட்டை.”

“ஆடித் தள்ளுபடியில எடுத்த சட்டைய்யா இது!”

“எங்கிட்டு எடுத்தா என்னங்க, கோடு கோடுதான?”

கத்தினேன். கம்ப்ரசரைத் தூக்கிக் குளத்தில் போடுவேன் என்றேன். ஆள் அசையவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் காற்று. தாலி கட்டி முடிந்த பிறகு, நான் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஜெர்மனியிடம் பிரேசில் ஏழு கோல் வாங்கியபோது, கோலுக்கு ஒரு நாள் என்று ஏழு நாள் கடையைப் பூட்டினார். எட்டாம் நாள் கதவைத் திறந்து, “ஏழு வாங்குனா என்னங்க? ஒலகக் கப்பு அஞ்சு இருக்குல்ல!” என்றார். அர்ஜென்டினா மூன்றாவது உலகக் கோப்பையை வாங்கியபோது கடை போர்டில் சாக்பீஸால் எழுதிவைத்தார்: ‘5 - 3 = 2. இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க, பேசுவோம்.’

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். குவைத்தில் டயர் கடையில் வேலை பார்த்தபோது ரூமில் எட்டுப் பேராம். ஏழு பேர் அர்ஜென்டினா. “ஏழு பேரு ஒரு பக்கம் நின்னா, அங்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணாமாங்க?” என்றார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இவருக்கு ஒரே மகள், கவிதா. திருச்சியில் வேலை பார்க்கிற இடத்தில் அவளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போனது. பொன்னமராவதிப் பையன், தங்கமான பிள்ளை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தது. பதினொன்றாவதை எவனும் பார்க்கவில்லை. பையனின் அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அர்ஜென்டினா ஜெர்ஸியை மாட்டி, அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுகிறவர்.

நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் பக்கம் இரண்டு வீட்டாரும் தட்டு வைப்பார்கள். பழம், பூ, புடவை என்று ஆளுக்குத் தக்கபடி. எண்ணிக்கை மட்டும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். பிரேசில் ஐந்து தட்டு வைத்திருந்தார். ஏன் ஐந்து என்று சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். எண்ணிப் பார்த்த பிரேசிலின் அக்கா முகம் மாறியது.

“என்னங்க, பதினாறு இருக்கு? ரெட்டைப்படையா வைக்கலாமா?”

“பதினாறு நல்ல எண்ணுதானம்மா,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“பதினாறாம் நாள் காரியத்துக்கும் அதே எண்ணுதாங்க.”

“சரி, ஒண்ணக் கொறைங்க” என்றது கூட்டம். மாப்பிள்ளையின் அப்பா மறுத்தார்.

“தென் அமெரிக்கக் கப்பு நாங்க பதினாறு தடவ வாங்கியிருக்கோம். சம்பந்தி ஆளுக ஒம்போதுதான். இதுல எதக் கொறைக்கச் சொல்றீங்க?”

“அப்ப ஒண்ணு கூட்டுங்க.”

“வாங்காத கப்ப எப்புடிங்க கூட்றது? நாயம் வேணாமா?”

பிரேசில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “ஒலகக் கப்பு மூணுதான சம்பந்தி? மூணு தட்டு வைங்க. ஒத்தைப்படைதான்!”

அவ்வளவுதான். அந்த மனிதர் வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தட்டைத் தூக்கு என்கிறது ஒரு குரல், வை என்கிறது ஒரு குரல். மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “ஒங்க ரெண்டு பேருல எவன்யா அந்த நாட்டப் பாத்திருக்கான்?” என்று நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கவிதா அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. “அப்பா” என்று மட்டும் கூப்பிட்டாள்.

பிரேசில் அவளைப் பார்த்தார். அடுப்படிக்குள் போனார். தான் தினமும் சாப்பிடும் எவர்சில்வர் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து எடுத்து வந்து, பதினாறாவது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது எந்த வருசத்துக் கப்பு?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இன்னும் முறைப்பு குறையவில்லை.

“அடுத்த கப்பு, சம்பந்தி. அதையும் நீங்களே வாங்கிக்கங்க.”

மாப்பிள்ளையின் அப்பா பதினேழாவது தட்டைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, “ஏம்ப்பா டிரைவரு, வண்டிய ஓரங்கட்டிட்டு இங்கிட்டு வந்து சாப்புடு” என்றார். தட்டு மாற்றினார்கள்.

கவிதா இப்போது பொன்னமராவதி மருமகள். பிரேசில் அந்தத் தட்டை வைத்துக் கொடுத்த வாக்கை மீறவில்லை. கடை போர்டில் இருந்த கணக்கை அழித்துவிட்டார். அர்ஜென்டினா ஜெயித்தால் சம்பந்திக்கு போன் போட்டு நல்ல வார்த்தை சொல்கிறார். வைத்துவிட்டு போனை முறைக்கிறார். பிரேசில் அணி தோற்கிற நாளில் மட்டும் கடை ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தேற்றுவதற்கு ஆள் கிடையாது.

எனக்குக் கால்பந்து பிடிக்காது என்று சொன்னேன். இப்போதும் பிடிக்காது. ஆனால் காலையில் பேப்பரை விளையாட்டுப் பக்கத்திலிருந்துதான் பிரிக்கிறேன். பிரேசில் தோற்றிருந்தால், என் வண்டி டயரில் இருக்கிற நல்ல காற்றை நானே பிடுங்கிவிட்டு, அவர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன்.