எண்பத்து நாலு யூனிட்

"எண்பத்து நாலா? மச்சான், இது மாசத்துக்கா, ஒரு நாளைக்கா?"

"மாசத்துக்குத்தான் மாப்ள. ஏன், அதிகமா இருக்கா?"

ஆலோசகர் மின்சார பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் எண்பத்து நாலுதான்.

சிறு தொழில் உதவி மையத்தில் அவருக்கு வேலை. சின்னக் கடைக்காரர்களைத் தேடிப் போய், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்னென்ன திட்டம் இருக்கிறது, அவர்களுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடித்துச் சொல்லி, விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்தால் பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் பாதி விலைக்குப் புதிய மெஷின் வாங்கலாம். நல்ல வேலைதான். ஆனால் சேர்ந்த ஏழு மாதத்தில் அவர் அனுப்பிய ஒரு விண்ணப்பம்கூடத் தேறவில்லை. தன்னம்பிக்கையில் மட்டும் மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று காலைதான் மேலாளர் அம்மா கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் டைம். இந்தக் கடைவீதியில இருந்து ஒரே ஒரு விண்ணப்பம் தேறணும். இல்லன்னா உங்க நாற்காலி பக்கத்து செக்‌ஷனுக்குப் போகும். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"ஒண்ணு என்ன மேடம், அசத்திடறேன்!" என்று சொல்லிவிட்டு ஆலோசகர் நேராக வந்து நின்ற இடம், மனைவியின் அண்ணன் நடத்தும் சலவைக்கடை. அங்கே துணி உலர்த்தும் டிரையருக்கு இருபத்திரண்டு வயது. ஓட விட்டால் தடதடவென்று ஆடி ஆடிச் சுவரை விட்டு வாசல் பக்கம் நகர ஆரம்பித்துவிடும். திட்டத்துக்கென்றே செய்த மெஷின்.

ஆனால் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. கடை மாதத்துக்கு முந்நூறு யூனிட்டாவது செலவழித்திருக்க வேண்டும்.

"ஒரு டிரையர், ரெண்டு வாஷிங் மெஷின், மூணு இஸ்திரிப் பெட்டி. இதுக்கு எண்பத்து நாலு எப்படி மச்சான் வரும்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று மச்சான் ஏங்கிக்கொண்டிருந்தார் போல. எழுந்து நின்றே பதில் சொன்னார்.

"சிக்கனம் மாப்ள! பெட்டியை ஒரு தடவை சூடு பண்ணுவேன், சட்டை எல்லாம் முடிச்சிட்டு ஸ்விட்சை அணைச்சிடுவேன். மிச்ச சூட்டுல இருபது கைக்குட்டை. எதிர்ச் சுவத்துல கண்ணாடி மாட்டியிருக்கேன் பாத்தியா? வாசல் வெளிச்சம் அதுல பட்டு உள்ள வந்துடும், லைட்டே வேண்டாம். இந்தக் கடைக்கு வந்து ஆறு வருஷமாச்சு, ஒரு மாசம்கூட பில்லு நூறைத் தாண்டினதில்ல. அந்த மீட்டர் எங்க இருக்குன்னுகூட நான் பாத்ததில்ல. நம்ம கை சுத்தமா இருக்கறப்ப எதுக்குப் பாக்கணும்?"

அப்போது பக்கத்து சலூன்காரர் எட்டிப் பார்த்தார். ஒரே கூடத்தை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு கடைகளாக்கியிருந்ததால், அவர் இருமினால் இங்கே கேட்கும்.

"அண்ணே, கரண்டு பில்லைக் கொறைக்க ஏதாச்சும் வழி சொல்லுங்கண்ணே. இந்த மாசம் எனக்கு..."

"வழி சொல்றேன், புலம்பாதீங்க. பகல்ல ஃபேன் எதுக்கு? ஒரு அட்டையை எடுத்து விசிறிக்குங்க."

"சரிண்ணே." சலூன்காரர் பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆலோசகர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "மச்சான், திட்டம் மிச்சம் பண்ண வைக்கத்தான் இருக்கு. நீங்க ஏற்கெனவே மிச்சம் பண்ணித் தொலைச்சிட்டீங்க. இப்ப நாம என்ன பண்றோம்னா, முதல்ல நல்லா வீணடிக்கறோம். முந்நூறைத் தாண்டறோம். திட்டத்துல சேந்து புது டிரையர் வாங்கறோம். அப்புறம் மறுபடியும் மிச்சம் பண்றோம்."

மச்சான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வீணடிக்கறதா? நானா?"

"ஒரே மாசம். என்னை நம்புங்க."

மறுநாள் காலை அந்தக் கடையில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஆள் இல்லாத மூலையில் ஃபேன் சுற்றியது. வெறும் டிரையர் வெறுமனே ஓடியது. மச்சான் ஒவ்வொரு ஸ்விட்சைப் போடும்போதும் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்துக்குள் டிரையர் நகர்ந்து நகர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் துணி மூட்டையை அதன் தலைக்கு மேலே நீட்டினார்கள்.

மாதக் கடைசியில் பில் வந்தது. எழுபத்தொன்று.

"குறைஞ்சிருக்கு மாப்ள!"

ஆலோசகர் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. "எதிர்பார்த்ததுதான் மச்சான். விட்டு விட்டு ஓட்டினாத்தான் மெஷின் அதிகமா இழுக்கும். நிறுத்தாம ஓட்டினதுல அதுக்குப் பழகிப்போச்சு. இதைவிடக் கனமா ஏதாவது போடணும்."

கனமானவை எல்லாம் ஆலோசகரின் வீட்டில்தான் இருந்தன. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், ஃப்ரிட்ஜ், அடுப்பங்கரையில் இருந்த ஓவன், மூன்றும் வண்டியில் ஏறிச் சலவைக்கடைக்கு வந்தன. ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு எதிரே ஓவனையும் திறந்து வைத்தார். அது குளிர வைக்கப் பார்க்கும், இது சூடாக்கப் பார்க்கும், இரண்டும் விடாமல் மல்லுக்கு நிற்கும் என்பது அவர் கணக்கு.

"என்னங்க, வீட்டுல பச்சைத் தண்ணியில குளிக்கறோம், பால் திரிஞ்சு போகுது. இதுக்குப் பேரு மின்சேமிப்பா?" என்றாள் மனைவி.

"பெரிய காரியத்துல இதெல்லாம் சகஜம்மா."

"அந்த நாற்காலி போச்சுன்னா எங்க அண்ணன் கடையிலதான் நீங்க இஸ்திரி போடணும். ஞாபகம் வெச்சுக்குங்க."

இதற்கு நடுவிலும் சலூன்காரர் தவறாமல் பாடம் கேட்க வந்தார். எரிகிற விளக்குகளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார்.

"அண்ணே, ஃபேனை நிறுத்தியும் எனக்கு இந்த மாசம்..."

"நிறுத்தினா மட்டும் போதுமா? முடி வெட்டற மெஷின் எதுக்கு, கத்தரிக்கோல் இல்லையா?" ஓவனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் நின்றுகொண்டு மச்சான் சிக்கனத்தைப் போதித்தார். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

இரண்டாம் மாத பில் நாற்பத்தாறு.

இந்த முறை ஆலோசகர் பில்லைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். ஆனால் மச்சானிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அந்த பில்லை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

"இவ்வளவு போட்டும் நாற்பத்தாறு! இது சாதாரண கை இல்ல மாப்ள. நான் வீணடிக்கணும்னு நினைச்சாக்கூட முடியலை பாத்தியா?"

மூன்றாம் மாதம் ஆலோசகர் துணிந்து இறங்கினார். இரண்டு பெரிய ஏசிகளை வாடகைக்கு எடுத்து மாட்டி, கதவை விரியத் திறந்து வைத்தார். தெருவே குளிர்ந்தது. துணி போட வராதவர்கள்கூட உள்ளே வந்து உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். ஒருவர் தினமும் தலையணையோடு வந்தார். குளிரில் துணி காயவில்லை என்று டிரையரை இரண்டு மடங்கு நேரம் ஓட்டினார்கள். அது வாசலைத் தாண்டித் தெருவில் நான்கு அடி போய் நின்றது. சலூன்காரரும் நாற்காலியைத் தூக்கித் தெருவோரம் போட்டு, வெயில் வெளிச்சத்திலேயே முடி வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"பாத்தியா மாப்ள, நம்ம சிஷ்யன் தேறிட்டாரு," என்றார் மச்சான் பெருமையாக.

கெடு முடியும் நாள். மதியம் பில் வந்தது. ஆலோசகர் பிரிக்கவே பயந்ததால் மச்சான் பிரித்தார்.

"இருபத்திரண்டு!" அவர் குரலில் பரவசம். "மாப்ள, இருபத்திரண்டு!"

ஆலோசகர் இஸ்திரி மேஜையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கைபேசி அடித்தது. மேலாளர் அம்மா.

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். ஒரு விண்ணப்பமாவது இருக்கா, இல்லையா?"

"வந்துக்கிட்டே இருக்கு மேடம்," என்றார் ஆலோசகர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னதை அவராலேயே நம்ப முடியவில்லை. ஏழு மாதமும் மூன்று மாதமும் போய், நாற்காலியும் போய், நாளை முதல் இதே மேஜையில் மச்சானின் கண் முன்னால் மிச்சச் சூட்டில் கைக்குட்டை தேய்க்கப் போகிறோம் என்று நினைத்து, பக்கத்தில் கிடந்த கைக்குட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

சலூன்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கையில் மடித்த காகிதங்கள்.

"சார், நீங்க இந்தச் சின்னக் கடைங்களுக்கு ஏதோ திட்டம் வாங்கித் தர்றீங்களாமே. எனக்குப் பொருந்துமான்னு கொஞ்சம் பாருங்களேன்."

ஆலோசகர் நிமிர்ந்தார். இந்த மனுஷனும் இதே கடைவீதிதானே! யாராக இருந்தால் என்ன, ஒரு விண்ணப்பம் தேறினால் போதும். பேனா தானாகக் கைக்கு வந்தது. "அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம். மாசம் முந்நூறு யூனிட் வந்திருந்தாப் போதும்."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "முந்நூறா? அவருக்கா? ரெண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், ஓவன், டிரையர் எல்லாம் ஓட்டற எனக்கே இருபத்திரண்டுதான் வந்திருக்கு. கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டுத் தெருவுல நிக்கறவருக்கு எங்கேருந்துய்யா முந்நூறு வரும்?"

சலூன்காரர் மூன்று பில்களையும் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தார். கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போல இருந்தது.

"நீங்க சொன்னபடியேதாண்ணே எல்லாம் பண்ணினேன். ஃபேனை நிறுத்தினேன், முடி வெட்டற மெஷினை வித்தேன், இப்ப கண்ணாடிக்கு மேல ஒரே ஒரு பல்புதான். ஆறு வருஷமா எழுநூறு எண்ணூறு யூனிட்டுன்னு வந்துக்கிட்டிருந்தது, இந்த மூணு மாசத்துல ஆயிரத்தைநூறு, ரெண்டாயிரத்து நானூறு, நாலாயிரம்னு ஏறிடுச்சு... ஏண்ணே, என் கடையில அப்படி என்னதான் ஓடுது?"