சம்பந்திக்கு நான் ஐரோப்பிய ஓவியங்களைக் காட்டிய விதம்

ரொம்சோஸ், ஒஸ்லோ
புதன், பின்னேரம்

பெருமதிப்புக்குரிய ஜெயரத்தினம் மச்சான் அவர்களுக்கு,

பிள்ளையாரின் தயவில் உங்கள் தங்கை விமலாவும் நானும் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம். துரொண்ட்ஹெய்மில் இம்முறை பனி முந்திக்கொண்டு வந்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். உங்கள் முழங்காலும் அக்காவின் இருமலும் அதோடு சமாளித்துப் போகுமென்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். தொலைபேசியென்றால் நீங்கள் இடையில் மறித்துக் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கதிரையில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். உங்கள் மருமகள், எங்கள் மகள் சோபிகாவின் கலியாணத்தை நான் முற்றாக்கிவிட்டேன். வைகாசியில் நாள். தாய்மாமன் நீங்கள்தான் முன்னுக்கு நிற்க வேண்டும், பயண ரிக்கெற்றை இப்போதே போட்டுவிடுங்கள்.

எப்படி முற்றாக்கினேன் என்று சொல்கிறேன். சோபிகா என்ன வேலை பார்க்கிறாள் என்று நீங்கள் ஒருமுறை கேட்டபோது "வைத்தியத்துறை மாதிரி" என்று சொல்லியிருந்தேன். அது பொய்யல்ல. பழைய ஓவியங்களைத் திருத்தும் பட்டறையொன்றில் அவள் வேலை. காலங்காலமாக மெழுகுதிரிப் புகை குடித்த படங்களைக் கிடத்தி, பஞ்சால் ஒற்றி ஒற்றி அழுக்கெடுக்கிறார்கள். பஞ்சை எதில் நனைப்பீர்கள் என்று கேட்டேன். "துப்பலிலை அப்பா. சில அழுக்குக்கு அதைப்போலை மருந்து வேறை இல்லை" என்றாள். முப்பது வருடம் நோர்வேப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்த ஒருவனின் மகள், ஏதோவொரு டச்சுப் பிரபுவின் மூக்கில் துப்பல் தடவிச் சம்பளம் எடுக்கிறாள் என்று கோயிலில் யாருக்குச் சொல்வது? அதனால்தான் வைத்தியத்துறை. அது கிடக்கட்டும். இந்த வருடம் முழுக்க அவள் வாயைத் திறந்தால் ஒரே பெயர்தான்: அதே பட்டறையில் வேலை செய்யும் கிளெமென்ற். கிளெமென்ற் வந்தான், கிளெமென்ற் சொன்னான். ஒருநாள் குசினிக்குள் நின்று யாருக்கோ போனில் சொல்கிறாள்: "கிளெமென்ற் இல்லாட்டி என்ரை ஒண்டும் நிக்காது." ஒரு பெண்பிள்ளை இதற்கு மேலும் எப்படிச் சொல்வாள்? கணிதம் படிப்பித்தவனுக்கு இரண்டு தரவு போதும். விசாரித்தேன். ஹவுகெட்டோவில் இருக்கும் அல்பிரட் என்பவருடைய ஒரே மகன். ஊரில் பாசையூர்க் கடற்கரை ஆட்கள், கத்தோலிக்கர். அல்பிரட் பொய்ப்பல் செய்யும் தொழில்நுட்பர், மனைவி காலமாகிச் சில வருடங்களாகிறது, கண்ணியமான மனிதர். நீங்கள் இந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளிக்க வேண்டாம், எல்லாவற்றையும் நான் கையாண்டுவிட்டேன்.

அல்பிரட்டுக்குப் போன் எடுத்து, "பிள்ளையளின்ரை விசயமாய் ஒருக்கால் கதைக்கவேணும்" என்றேன். அவர், "நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். மகன் வீட்டை வந்தால் சோபிகாவைத் தவிர வேறை கதையில்லை" என்றார். பாருங்கள், விடை இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறது. இனி எங்கே சந்திப்பது என்பதுதான் கேள்வி. கோயிலென்றால் அவருக்குச் சங்கடம், தேவாலயமென்றால் எங்களுக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டால் விமலா ஒரு கிழமைக்கு முதலே யன்னற்சீலை தோய்க்கத் தொடங்கிவிடுவாள். அப்போதுதான் எனக்கு உதித்தது: பிள்ளைகள் இருவரும் ஓவியத்தோடு கிடக்கிறார்கள், அப்பன்மாரும் ஓவியத்தின் முன்னால் சந்தித்தால் என்ன? துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய கலைக்கூடத்தில் போன ஞாயிறு சந்திப்பதென்று ஒழுங்கு. வாசிகசாலையில் ஒரு தலையணைப் புத்தகம் எடுத்து, கிறிஸ்தவச் சீர்திருத்தக் காலத்திலிருந்து டச்சுக்காரர்வரை கரைத்துக் குடித்தேன். மிச்சத்தைப் போகிற போக்கில் சமாளிக்கலாம் என்று தெரியும்.

விமலா ஒரு பையில் தேநீர்ப் போத்தலும் கட்லட்டும் கொண்டுவந்தாள். பையை வாசலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமென்றார்கள். வைத்தாள். ஆனால் கொஞ்சக் கட்லட்டைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டதை நான் கண்டும் காணாததுபோல் நின்றேன். அல்பிரட் கோட்டும் சூட்டும் சப்பாத்துப் பளபளப்புமாக வந்திருந்தார். நானும் நான் ஓய்வுபெற்ற நாள் விழாவுக்குத் தைத்த கோட்டைத்தான் போட்டிருந்தேன். இருவரும் கைகொடுத்தபோது பார்ப்பவர்கள் எங்களைக் கலைக்கூடத்தின் பணிப்பாளர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

முதல் அறையிலேயே ஒரு பெரிய படம். தேவாலயத்தின் உட்புறம், உயர்ந்த தூண்கள், எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, சுருவமென்று ஒரு சிலையில்லை, ஒரு மெழுகுதிரியில்லை, கீழே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, புத்தகத்தில் இருந்தபடியே விளக்கினேன்: புரட்டஸ்தாந்துக்காரர் வந்து உள்ளே கிடந்ததையெல்லாம் அகற்றிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், ஒரு வீட்டைக் கூட்டித் துப்புரவாக்குவது போல. அல்பிரட்டின் முகம் இறுகிவிட்டது.

"மாஸ்ரர், மாதாவின்ரை சுருவத்தைக் கோடாலியாலை கொத்தினது உங்களுக்குக் கூட்டினதோ?"

விமலா என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். ஆனால் நான் தளரவில்லை மச்சான். "அடுத்ததைப் பாப்பம் வாங்கோ" என்று நடந்தேன். என் காலக்கேடோ நற்காலமோ, அடுத்ததாக நின்றது அப்படிக் கொத்துப்பட்ட சுருவமே. மரத்தில் செதுக்கிய ஒரு பெண் புனிதர். இரண்டு கையும் இல்லை, மூக்கு இல்லை, கன்னத்தில் ஒரு வெட்டு. எனக்குச் சொல்வதற்குப் புத்தகத்தில் நிறைய இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவுடன் புத்தகம் முழுதும் மறந்துபோய், "எங்கடை பிள்ளையாருக்கு ஆரும் இப்பிடிச் செய்திருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டன்" என்று வாயில் வந்துவிட்டது. உண்மையாகவே கோபம் வந்தது. அல்பிரட் என்னைத் திரும்பிப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "வெறும் மரம் எண்டு சொல்லிறவைக்கு விளங்காது, மாஸ்ரர்" என்றார். "விளங்காது" என்றேன். விமலா, "மூக்குப் போயும் முகம் அமைதியாய்த்தான் இருக்கு, பாவம்" என்று சொல்லி, பழக்கதோசத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். அல்பிரட் நெற்றியில் சிலுவை போட்டார். பக்கத்தில் நின்ற நோர்வேக் குடும்பம் ஒன்று மரியாதையாகப் பின்வாங்கி நின்றது. வெள்ளைச் சுவருக்கு எதிராக நாங்கள் மூன்றுபேரும் அந்த இடத்திலேயே ஒரே கட்சியாகிவிட்டோம். இதுவெல்லாம் என் திட்டத்தில் இருந்ததுதான் என்று அல்பிரட் நினைத்திருப்பார். நான் மறுக்கவில்லை.

டச்சுக்காரரின் அறைக்கு வந்தால் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்தமாதிரி. மேசை, அதில் பாலாடைக்கட்டி, மீன், பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம். இது சாப்பாட்டுப் படமல்ல, இந்த வாழ்வு அழியுமென்று சொல்லும் தத்துவம் என்று நான் விளக்க, விமலா, "உரிச்சவன் ஏன் பிழியாமல் போனவன்?" என்று எலுமிச்சையை நோக்கி விரலை நீட்டினாள். நீட்டினதுதான் தாமதம், கீ கீயென்று மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அவள் பதறிக் கையை இழுக்க, கைப்பை கவிழ்ந்து, ஒரு கட்லட் உருண்டு போய்ச் சரியாகப் படத்துக்குக் கீழே நின்றது. காவலுக்கு நின்ற உயரமான பெண்பிள்ளை வந்து கட்லட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது உங்களுடையதா?" நான் வகுப்பறைக் குரலில், நல்ல நோர்வேஜிய மொழியில், அதைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றேன். விமலா உடனே, "என்ரைதான் பிள்ளை, இப்பதான் விழுந்தது" என்று தமிழில் சொன்னாள். அல்பிரட் குனிந்து, கைலேஞ்சியால் அதைப் பக்குவமாக எடுத்து, ஒரு பல்லை எடுத்து வைப்பதுபோல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, காவற்பெண்ணுக்குத் தலைவணங்கினார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் தகப்பன் இப்பேர்ப்பட்டவர் என்றால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ!

அதற்கடுத்து அரசர்களும் சீமாட்டிகளும் நிறைந்த அறையில் அல்பிரட் வழிகாட்டியாகிவிட்டார். "மாஸ்ரர், கவனிச்சனீங்களோ? ஒருத்தரும் பல்லைக் காட்டேல்லை. இந்த அரசர் இருக்கிறார், பாருங்கோ, மேல்வாயிலை ஒண்டும் மிச்சமில்லை, சொண்டு உள்ளுக்கு விழுந்திருக்கு." அதன்பிறகு எனக்கு எந்த அரசரையும் மதிக்க முடியவில்லை.

கால் வலித்து இருக்க இடம் தேடினோம். இருந்த ஒரே வாங்கு பளிங்குச் சிலைகளின் அறையில். எங்களுக்கு முன்னால் ஒரு பளிங்கு வாலிபன், உடம்பில் ஒரு நூல் இல்லை. இரண்டு சம்பந்திகளும் சீதனமில்லாக் கலியாணத்தைப் பற்றிக் கதைக்க இருக்கும் இடமா இது? மற்றப் பக்கம் திரும்பி இருந்தோம். அங்கே அவனுடைய தங்கை, அதே கோலத்தில். விமலா மேற்கூரையின் வேலைப்பாட்டைப் பார்க்கத் தொடங்கினாள். அங்கே வேலைப்பாடு எதுவும் இல்லை. எழுந்து நடந்தோம்.

கடைசி அறையில்தான் காரியம் நடந்தது. அந்த அதிகாரம்வரை நான் புத்தகத்தை வாசித்திருக்கவில்லை. ஆகவே அன்று முழுவதிலும் அந்த ஒரு அறையில்தான் நான் வாய்மூடி இருந்தேன். அங்கே தேவதூதரும் இல்லை, அரசரும் இல்லை. கல்லுடைப்பவர்கள், உடுப்புத் தோய்ப்பவர்கள், உள்ளபடியே, அழுக்குக் காலோடு. ஒரு படத்தின் முன் அல்பிரட் நின்றவர் நின்றபடிதான். கிழட்டு மீனவர் ஒருவர் யன்னலோரம் இருந்து கிழிந்த வலையைப் பொத்துகிறார். எதிரில் ஒரு வெறும் கதிரை. அவ்வளவுதான் படம்.

விமலாதான் கேட்டாள்: "என்ன அண்ணை, கனநேரமாய் நிக்கிறீங்கள்?"

"அந்தக் கதிரையைப் பாத்தனான், தங்கச்சி. ஆரோ இப்பதான் எழும்பிப் போனமாதிரிக் கீறியிருக்கிறான்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், விமலா என் கையைப் பிடித்தாள். பிறகு அவள் சொன்னாள்: "இனி ஞாயிறுகளிலை எங்கடை வீட்டை சாப்பிட வாங்கோ அண்ணை. தனிய இருந்து சாப்பிடாதேங்கோ."

அல்பிரட் தலையை ஆட்டினார். கைலேஞ்சியை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டவருக்கு அது கட்லட்டோடு கிடப்பது நினைவுக்கு வந்து, அப்படியே விட்டுவிட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். அதன்பிறகு பேச்சு மூச்சு விடுவதுபோல் நடந்தது. காலையில் தேவாலயம், மத்தியானம் மணவறை. பகலில் மரக்கறி, இரவில் மச்ச மாமிசம். மண்டபத்துக்கு நான் மறுநாளே சொல்லிவிட்டேன், நாதஸ்வரக்காரரும் ஓம் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு இப்போது சொல்லாமல் வைத்திருந்து, இருவரையும் ஒரேநாளில் திகைக்க வைப்பதென்று நாங்கள் இரண்டுபேரும் தீர்மானித்திருக்கிறோம்.

ஆகவே மச்சான், இந்தக் குடும்பத்தில் யோசித்துக் காரியம் செய்கிறவர் நீங்கள் மட்டும்தான் என்று அக்கா சொல்லுகிற கதை இத்தோடு முடிந்தது. உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். அக்காவுக்கு எங்கள் அன்பு. சகல செல்வங்களும் உங்கள் வீட்டு வாசலைத் தேடி வரட்டும், வரும்போது பனியையும் தள்ளிவிட்டு வரட்டும்.

உங்கள் அன்பு மைத்துனன்,
மகேசன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் சோபிகா வந்தாள். திகைக்க வைக்க இதைவிட நல்ல நேரம் எது என்று சொல்லிவிட்டேன். பிள்ளை நிலத்திலேயே குந்தியிருந்து சிரித்தது. "அப்பா! கிளெமென்ற் என்ரை படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவன்! அவன் இல்லாட்டிப் படம் ஒண்டும் நிக்காது எண்டுதான் சொன்னனான்!" அவனுக்கு ஒரு நோர்வேப் பெண் இருக்கிறாளாம், தை மாதம் பிள்ளையும் பிறக்கப்போகிறதாம், தகப்பனுக்குச் சொல்லப் பயந்து திரிகிறானாம். சோபிகாவும் எங்களுக்கு ஒன்றைச் சொல்லப் பயந்துதான் திரிந்திருக்கிறாள். அதன் பெயர் ராகவன். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை. உடனே போனையும் என் கையில் தந்துவிட்டாள். அவர், "அங்கிள், சண்டே வரட்டுமா?" என்றார். சண்டைக்கு வருகிறாராக்கும் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். ஞாயிறைச் சொல்கிறார் என்று சோபிகா விளங்கப்படுத்தினாள். குரல் பணிவான குரல். பயந்து நடுங்கியது, அது எனக்குப் பிடித்திருந்தது.

அல்பிரட்டுக்கு நானே எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "அப்ப நான் அப்பப்பா ஆகப்போறனோ, மாஸ்ரர்?" என்றார். "ஓம்" என்றேன். போனை வைக்கப்போன நேரத்தில், "ஞாயிறு சாப்பாடு நிக்குதுதானே?" என்றார். பின்னாலிருந்து விமலா, "நிக்குது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

நீங்கள் ரிக்கெற்றை மாற்ற வேண்டாம். மண்டபம் அப்படியேதான் இருக்கிறது, மாப்பிள்ளை மட்டும்தான் வேறு. ராகவனுடைய தகப்பனார் பழனிச்சாமி என்பவர் அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். அவரைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போவதென்று அல்பிரட்டும் நானும் முடிவு செய்துவிட்டோம். பல் சம்பந்தமானவை அல்பிரட்டின் பொறுப்பு, மற்ற ஐரோப்பா முழுவதும் என் பொறுப்பு.