சீலுக்குக் கட்டிய மறைவிடம்

ஏரியில் வாழும் கடல்நாயான சீலைப் படம் பிடிக்கும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று தௌனோ சபதம் எடுத்தான். எடுத்த இடம் சவுனா என்ற நீராவிக் குளியல் கொட்டகை. கொதிக்கிற நீராவிக்குள் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகளை வெளியே வந்து கொஞ்சம் ஆறவிடுவது நல்லது. தௌனோ ஆறவிடவில்லை. இடுப்புத் துண்டோடு ஓடிவந்து மனைவியிடம் அறிவித்தான்.

"நல்லதாப் போச்சு," என்றாள் ஐலா. "உன் தாடியப் பாத்துட்டு, நம்ம சொந்தக்காரன்தான்னு நெனச்சு அதுவே வந்தாலும் வரும்."

தௌனோவுக்கு இது விளையாட்டில்லை. சைமா ஏரியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சீல் அது. வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் முடி உதிர்ப்பதற்காகப் பாறைமேல் ஏறிப் படுக்கும். மீன் பிடிக்கப் போனவன் பார்த்திருந்தான். காதலியோடு படகில் போனவன், பார்க்க நேரமில்லாதவன், அவன்கூடப் பார்த்திருந்தான். தௌனோ மட்டும் பார்த்ததில்லை. பத்து வருடமாக அவன் படங்களில் மூடுபனி இருந்தது, பாறை இருந்தது, பாறைமேல் ஈரமும் இருந்தது. சீல் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது என்பதற்கு அந்த ஈரமே சாட்சி என்று புகைப்படக் கழகத்தில் வாதாடுவான். கழகத்தில் அவனுக்கு 'ஈரப்பாறை' என்றே பெயர்.

இந்த வருடம் புதுக் கேமரா வேறு.

"மிரர்லெஸ், ஐலா! உள்ள கண்ணாடியே கிடையாது. அதனால 'டக்'னு சத்தம் வராது. சீலுக்குக் காது ரொம்பக் கூர்மை."

"கேமராவுலதான் கண்ணாடி இல்ல. குளியலறைல இருக்கு. போய்ப் பாரு, சீல் ஏன் வரலன்னு தெரியும்."

ஐலாவுக்கு வேண்டியது சீல் அல்ல, படகுத்துறை. ஏரிக்கரையில் அவர்கள் குடிலுக்கு முன்னால் இருந்த பழைய மரத்துறையைப் பனிக்கட்டி நெரித்துக் கொண்டுபோய்விட்டது. நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவள் ஐலா. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு வழுக்குப் பாறையில் அவளால் இறங்க முடியவில்லை. போன கோடை முழுக்க ஒரு வாளியோடு கரையில் நின்று, தண்ணீரை மொண்டு மொண்டு காலில் ஊற்றிக்கொண்டாள். பார்க்கத் தௌனோவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் லென்ஸை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். புகைப்படத் துறையில் அவனுக்கிருந்த ஆர்வம் படகுத் துறையில் இல்லை.

"இந்த வாரம் துறை வேலைய ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள்.

தௌனோ பதில் தயாராக வைத்திருந்தான். "இப்பவா? சீல் முடி உதிர்க்கிற காலம்! கரையில சுத்தியல் சத்தமே கேக்கக் கூடாது. பாவம் இல்லையா?"

"அப்ப ஜூன்ல?"

"ஜூன்ல குட்டிங்க தூங்கும்."

"ஜூலைல?"

"ஜூலைல எனக்கு முதுகு வலிக்கும்."

"வாயில்லா ஜீவன்," என்று பெருமூச்சு விட்டாள் ஐலா. சீலைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று தௌனோ யோசிக்கவில்லை. வென்றவன் எதற்கு யோசிக்க வேண்டும்?

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "சொல்ல மறந்துட்டேன். நேத்து நம்ம கரைக்கு எதிர்ல, அந்தத் தட்டைப் பாறைமேல என்னமோ படுத்துக் கிடந்துச்சு."

தௌனோவின் காப்பி தாடியில் இறங்கியது. "என்னது?"

"எனக்கென்ன தெரியும். கறுப்பா, கொழுகொழுன்னு, மீசையோட. பக்கத்து வீட்டு வேய்க்கோதான்னு நெனச்சேன். காப்பிக்குக் கூப்பிட்டேன், தண்ணிக்குள்ள போயிடுச்சு. காப்பின்னா வேய்க்கோ போகமாட்டானே."

அன்றைக்கே தௌனோ கரையில் குப்புறப் படுத்தான். பாறைக்கும் அவனுக்கும் நடுவே காய்ந்த நாணல் காடாக நின்றது. மாலையில் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள்.

"நாணல் நல்லா வந்திருக்கு," என்றாள் ஐலா. "நீதானே சொல்லுவ, மிருகத்தோட கண்மட்டத்துக்கு நாம இறங்கணும்னு? நாணலைத் தாண்டி, தண்ணி மட்டத்துல படுக்க ஒரு மறைவிடம் இருந்தா?"

தௌனோ நெகிழ்ந்துபோனான். கல்யாணமான நாளிலிருந்து தான் பேசியதில் ஏதோ ஒரு வாக்கியத்தை மனைவி காதில் வாங்கியிருக்கிறாள்! அது தெரிந்த கணத்தில் ஒரு கணவன் எந்தக் குழியிலும் தானாக இறங்குவான்.

வேய்க்கோவையும் அழைத்துவைத்துத் திட்டம் போட்டார்கள்.

"பலகை மேடை," என்றாள் ஐலா. "கரையிலிருந்து நாணலைத் தாண்டி நீளமா. ரெண்டு பேர் நடக்கிற அகலம்."

"நான் ஒருத்தன்தானே?"

"உன் கேமரா முக்காலி எங்க நிக்கும்? அப்புறம் ஓரமா ஒரு கைப்பிடி."

"அது எதுக்கு?"

"லென்ஸைச் சாய்ச்சுக்க. உனக்குக் கை நடுங்குது, தௌனோ, நான் வெளிய சொல்றதில்ல. அப்புறம் முனையில தண்ணிக்குள்ள இறங்க மூணு படி."

"படியா? படி எதுக்கு?"

ஐலா வேய்க்கோவைப் பார்த்தாள். வேய்க்கோ முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னான்: "சீல் ஏறி வரத்தான்."

"அட!" என்றான் தௌனோ.

வேய்க்கோவின் கொட்டகையில் சும்மா கிடந்த பைன் பலகைகள் வந்து இறங்கின. தௌனோ சுத்தியலைத் தூக்கினான்.

"ஐயையோ, சத்தம்!" என்று ஓடிவந்தாள் ஐலா. "முடி உதிர்க்குதே, மறந்துட்டியா?"

தான் போட்ட சட்டம். மீறினால் மானம் போகும். ஒவ்வொரு திருகாணியையும் கையாலேயே முடுக்கினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஐலா இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து ஊட்டினாள். மேடையில் நடந்து பார்த்து, "ஆடுது. இதெல்லாம் சீலுக்குப் பிடிக்காது," என்றாள். இன்னொரு தூண் இறங்கியது.

கடைசியில் மேலே இலை வண்ண வலையைப் போர்த்தி, விடியலில் உள்ளே புகுந்தான். சீல் வரவில்லை. அடுத்த விடியலிலும் வரவில்லை. குளிரில் மூக்கு ஒழுக, எதிர்ப் பாறையையே பார்த்துக் கிடந்தான். அவன் முனகலின்றிக் கிடந்த அந்தக் கோலம் ஐலாவுக்கு என்னமோ செய்தது. ஒரு காலையில் காப்பியோடு அவளும் வலைக்குள் நுழைந்து பக்கத்தில் படுத்தாள்.

மூடுபனி தண்ணீரை ஒட்டி நகர்ந்தது. தண்ணீரில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவே ஒரு வழுவழுத்த தலை. பிறகு, மாவு மூட்டையை இழுத்துப் போடுவது மாதிரி, முழு உடம்பும் பாறைமேல் ஏறியது.

"ஐயோ!" என்று கிசுகிசுத்தாள் ஐலா. "நெஜமாவே இருக்கு!"

"நெஜமாவேன்னா?"

"ஷ்ஷ்! அமுக்கு!"

அமுக்கினான். கேமரா சத்தமே போடவில்லை. சத்தம் போட்டதெல்லாம் அவன் நெஞ்சுதான். சீல் அவர்கள் இருவரையும் நேராகப் பார்த்தது, கொட்டாவி விட்டது, வந்த வழியே போயிற்று.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் கறுப்பு. கேமராவை வானத்து வெளிச்சத்துக்கு அளவு வைத்துவிட்டான். பாறைமேல் ஒரு கரிப் பொட்டலம் கிடந்தது. தௌனோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரா கோப்புதானே? கேமரா எதையும் கழிக்காம வெச்சிருக்கும், இருட்டுக்குள்ள எல்லாம் இருக்கும்னு சொல்லுவியே," என்றாள் ஐலா.

ராப் பகலாக ராவோடு உட்கார்ந்தான். கணினியில் படத்தின் நிழலுக்கு மெல்ல வெளிச்சம் ஏற்றினான். கரிக்குள்ளிருந்து முதலில் மீசை வந்தது. மீசை நுனியில் ஒரு துளி. பிறகு முதுகில் மழைத்துளி விழுந்த குளம் மாதிரி வெள்ளை வளையங்கள். கடைசியாகக் கண். தௌனோவின் கண்ணும் நிறைந்தது.

அதோடு விட்டிருந்தால் அவன் தௌனோ இல்லை. வானத்தை ஆரஞ்சாக்கினான். மூடுபனிக்கு ஊதா பூசினான்.

"இது ஏரியா, பீட்ரூட் சூப்பா?" என்று ஐலா மவுஸைப் பிடுங்கினாள். அவன் செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கையை எடுத்தாள். "இங்க. அன்னிக்கு நாம பாத்தது இதுதான்."

அதுதான். சாம்பல் நிறக் காலை, கொட்டாவி விடப்போகும் ஒரு சீல். கழகத்தின் கண்காட்சியில் நடுச்சுவரில் அதை மாட்டினார்கள். 'ஈரப்பாறை' என்று கூப்பிட அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாய்க்குச் சீல் வைத்தாயிற்று. தௌனோ சவரம் செய்துகொண்டு மனிதனானான்.

அடுத்த காலை வெளியே வந்தவன் திகைத்து நின்றான். வலை மடித்து வைத்திருந்தது. நீச்சல் உடையில் ஐலா, கைப்பிடியைப் பிடித்தபடி படிப்படியாக ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என் மறைவிடம்!" என்று அலறினான்.

"வலையத்தான் எடுத்தேன். இப்ப என்ன தெரியுது, பாரு!"

பார்த்தான். இருவர் நடக்கும் அகலம். கைப்பிடி. படி.

"படகு... துறை," என்றான், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் மாதிரி.

ஐலா குளிர்ந்த தண்ணீரில் பாய்ந்து, தலையை வெளியே நீட்டி, மூச்சு முட்டச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கேமராவை எடுக்க ஓடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"அப்ப நீ சீலப் பாக்கவே இல்லையா?"

"ஏன் பாக்கல? உன்கூடத்தானே பாத்தேன்."

இனி ஏமாறுவதில்லை என்று தௌனோ அங்கேயே முடிவெடுத்தான்.

சில வாரம் கழித்து வேய்க்கோ வேலியோரம் நின்று வானத்தைப் பார்த்தபடி சொன்னான்: "உங்க சவுனாக் கூரைமேல ஏறினா, தீவுல இருக்கிற மீன்கழுகுக் கூடு அப்படியே தெரியுமாமே."

தௌனோ பலமாகச் சிரித்தான். "தெரியும்டா! கூரை ஒழுகுது, அதானே? என்கிட்ட நடக்காது!"

"ஒழுகத்தான் செய்யுது," என்று ஐலா சட்டென்று ஒப்புக்கொண்டாள். "நீ ஏற வேண்டாம். ஆள் சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடுவான். நல்ல வேலைக்காரனாம். கேமராவும் கொண்டாரட்டுமான்னு கேட்டான்."

தௌனோ ஏணி எங்கே இருக்கிறது என்று தேடப் போனான்.