முன் சீட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

அலபாமா, செவ்வாய்க்கிழமை

போன மாதம் வரை என் பாசத்துக்கு உரியவனாக இருந்த தம்பி ஹாய்ட்டுக்கு,

உன் அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் பூனையும் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை, உன் மனைவி வைனெல் என் சமையலறையில்தான் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள், எல்லாம் சொல்லிவிட்டாள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நடுவில் நீயும் பேசுவாய். அதனால்தான் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்ததை நீ ஊரெல்லாம் ஒரு விதமாகச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. நடந்தது இதுதான். ஏரியில் ஓக் மரம் விழுந்து கிடக்கும் அந்தக் குடாவில் உன் தூண்டிலில் இரையாக மாட்டியிருந்த போலி மீனை ஒரு பெரிய பாஸ் மீன் கவ்வியது. எந்தப் போலி மீன்? கண் உரிந்துபோனதென்று வைனெல்லின் ரோஜா நிற நகப்பூச்சை எடுத்து நீயே கண் வரைந்தாயே, அது. படகோரம் வரைக்கும் வந்த மீன் ஒரு உதறு உதறியது, தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. விழுந்த மரத்தடியில் போடுவதென்றால் இருபது பவுண்டு தாங்கும் நரம்பு வேண்டும் என்று தலையால் அடித்துக்கொண்டேன், நீ கட்டியிருந்ததோ பத்து. கேட்டால், "தடிச்ச நரம்ப மீன் பாத்துரும்க்கா" என்றாய். நரம்பைப் பார்க்கிற மீன் அந்த ரோஜாக் கண்ணைப் பார்க்கவில்லையா? சரி, போகட்டும். கரைக்கு வந்ததும், படகு இறக்குமிடத்தில் அத்தனை பேர் பார்க்க, என் ஐஸ் பெட்டியைத் திறந்து, "பாத்தீங்களாய்யா, வாழைப்பழப் புட்டிங்! படகுல வாழைப்பழத்த ஏத்துனா மீன் எப்படிய்யா ஏறும்?" என்று கத்தினாய். அந்தப் புட்டிங்கில் இரண்டு கிண்ணம் நீ ஏற்கெனவே தின்றிருந்தாய், மீசையில் ஒட்டியிருந்தது. அதோடு விட்டாயா? இந்தச் சனிக்கிழமைப் பெரிய போட்டிக்கு முன் சீட்டில் பல் டாக்டர் கார்டெல் ஸ்ட்ரௌட்தான் உட்காருவார் என்று அங்கேயே அறிவித்தாய். தூண்டில் கோல் ஒவ்வொன்றுக்கும் கலர் கலராய்ச் சாக்ஸ் போட்டுக் கூட்டிவருகிற மனிதர்! என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த முன் சீட் என்னுடையது, ஹாய்ட். நான் அன்றைக்கு அழுதேன் என்று வைனெல் சொன்னால் நம்பாதே. அழுதேன்தான், ஆனால் அது ஆத்திரத்தில்.

வீட்டுக்கு வந்ததும் முடிவெடுத்துவிட்டேன். செத்துப்போன என் புருஷன் ப்யூஃபர்டின் அலுமினியப் படகு இருக்கிறது, என் கை இருக்கிறது, நீ யார் எனக்கு? உன்னைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று ப்யூஃபர்டின் கோலை எடுத்து, வீசிப் பார்க்கலாமே என்று கூடத்தில் நின்று ஒரே வீசு. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். நுனி ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். அப்போதுதான் உன்மேல் உள்ள கோபத்தைக் கொட்ட வைனெல் வந்தாள் (அவளுடைய நகப்பூச்சு விவகாரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை), "வாங்கண்ணி, நான் வரேன் உங்களுக்கு ஜோடியா" என்றாள். இரண்டு பேரும் டெல்மர் கடைக்குப் போனோம். டெல்மரை உனக்குத் தெரியும், ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். "நுனி மட்டும் வளையற கோலா, பாதி வரைக்கும் வளையற கோலா, எது வேணும்க்கா?" என்றார். "எனக்கு வளையவே கூடாது" என்றேன். "வளையாதது கோல் இல்லக்கா, கடப்பாரை" என்றார். என்னிடமே விளையாட்டா? ஒரு கோலை எடுத்து நுனியைக் கூரையில் ஊன்றி அழுத்திக் காட்டினேன். கூரை அட்டை பெயர்ந்து அவர் தலையிலேயே விழுந்தது. அட்டைக்கு யார் பொறுப்பு என்று நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் என் ரீலில் நரம்பு சுற்ற ஆரம்பித்தார். "இருபது, தெரியுதா? இருபது!" என்றேன். அவரும் ஏதோ சொன்னார், அந்த இரைச்சலில் காதில் விழவில்லை. இரையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, எப்போதும் போல ஊதா ரப்பர் புழு. வைனெல் மட்டும் அவள் தோட்டுக்குப் பொருத்தமாக ஒரு ஜிகினாத் தவளைப் பொம்மையை இரையாக வாங்கினாள்.

போன வியாழக்கிழமை ஏரிக்குப் போனோம். வேண்டுமென்றே ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் படகின் மூக்கில் வைத்தேன். எதிரே வந்த படகுக்காரர் பார்த்துவிட்டு, சாவு ஊர்வலத்துக்குச் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வைனெல்லின் முதல் வீச்சு வில்லோ மரக் கிளையில், இரண்டாவது என் தொப்பியில். மூன்றாவதில் அவள் ரீல் முழுக்கக் குருவிக்கூடு கட்டிக்கொண்டது. அவள் அந்தச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் அதே ஓக் மரத்தடியில் புழுவை இறக்கினேன். டொக் என்று ஒரு தட்டு. இழுத்தேன், அசையவில்லை. "மரத்துல மாட்டிக்கிச்சு" என்றேன். வைனெல் எட்டிப் பார்த்து, "மரமா? மரம் எங்கயாச்சும் நகருமா அண்ணி? இழுங்க!" என்று அலறினாள். எப்படித் தூக்கினேன் என்று கேட்காதே. முழங்கால் போனால் போகட்டும் என்று நின்றேன். வலையில் விழுந்தபோது எட்டரைப் பவுண்டு. அதன் வாயோரத்தில் என் ஊதாப் புழு. இன்னொரு வாயோரத்தில், ஹாய்ட், நன்றாக உட்கார்ந்து படி, ரோஜா நிறக் கண்ணோடு உன் போலி மீன். அறுந்த நரம்பு இன்னும் வாலாகத் தொங்கியது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு, வைனெல் படம் பிடித்ததும் மீனைத் தண்ணீரில் விட்டேன். பிறகு ஆளுக்கொரு வாழைப்பழம் தின்றோம்.

ஆகவே தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வாழைப்பழத்தில் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் உன் மெல்லிய நரம்பில். இனி நீயே வந்து என் வாசலில் மண்டியிட்டாலும் உன் படகில் கால் வைக்கமாட்டேன். சனிக்கிழமை ப்யூஃபர்டின் படகில் நானும் உன் மனைவியும் வருவோம். உன்னையும் உன் பல் டாக்டரையும் அவருடைய சாக்ஸ்களையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போவோம்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. உன் கண்ணைத் திறப்பாராக. திறக்க நேரமானால் அதற்குள் உன் நரம்பையாவது மாற்றுவாராக.

உன் மூத்த சகோதரி,
வெர்னா டிட்வெல்

பின்குறிப்பு: பட்டாணியைக் கொட்டப் பை தேடிய வைனெல், டெல்மர் கடைப் பையில் மிச்ச நரம்புச் சுருளைக் கண்டெடுத்து, "அண்ணி, இதுல பத்துன்னுல்ல போட்டிருக்கு" என்கிறாள். டெல்மருக்குப் போன் போட்டேன். "சின்ன ரீலுக்கு இருபது சரிப்படாது, பத்துதான்னு அன்னைக்கே சொன்னேனேக்கா, நீங்கதான் அட்டைக்கு அடிச்சுக்கிட்டிருந்தீங்க" என்கிறார். உடனே துள்ளாதே. அதே மீன், அதே மரம், அதே பத்து. உன் கையில் அறுந்தது, என் கையில் அறுந்துபோகவில்லை. வாழைப்பழமும் இல்லை, நரம்பும் இல்லை, அப்படியென்றால் மிச்சம் இருப்பது எது என்று நீயே யோசி.

இன்னொன்று: இன்று காலை படகை இறக்கும்போது அடியில் தண்ணீர் வடிவதற்காக இருக்கிற துளைக்கு மூடி போட மறந்துவிட்டோம். இப்போதுதான் எட்டிப் பார்த்தேன், ப்யூஃபர்டின் படகு என் படகுத்துறைக்குக் கீழே, தண்ணீருக்குள் இருக்கிறது. வைனெல்லுக்கும் சனிக்கிழமை விடியலில் எழுந்திருக்க இஷ்டமில்லையாம். போட்டியில் ஒரு படகுக்கு இரண்டு பேர்தான் என்பதால் பல் டாக்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. புட்டிங் கொண்டுவருகிறேன்.

கடைசியாக, இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்: உறையைப் பார்த்துப் பிரி. உன் போலி மீனைக் கொக்கிகளோடு உள்ளே வைத்திருக்கிறேன். ஏற்கெனவே விரலில் ஏறியிருந்தால் பிடுங்காதே, டாக்டரிடம் போ, பல் டாக்டரிடம் அல்ல. அந்தக் கையால் சனிக்கிழமை நீ கோல் வீச முடியாது. பரவாயில்லை, பின்னால் உட்கார்ந்து வலையைப் பிடி. முன் சீட்டை மட்டும் துடைத்து வை.