திறந்த கதவு ஊழியத்தின் பூட்டு

ஒரு சபை எதற்காக இருக்கிறது என்ற கேள்வி எங்கள் சபையில் ஏழு மாதம் விவாதிக்கப்பட்டு, கடைசியில் ஏகமனதாக விடை காணப்பட்டது: ஒதுங்க இடமில்லாதவர்களுக்குக் கதவைத் திறப்பதற்காக. உடனே ஆலயத்தை ஒட்டிய கூடத்தைக் கழுவி, ஆறு கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, வாசலுக்கு மேலே ‘திறந்த கதவு ஊழியம்’ என்று பலகை மாட்டி, கதவைப் பூட்டினோம். ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்து திறப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை சாயங்காலம் பேய்மழை. பின்தெருவில் தையல்கார அக்காவின் வீட்டுக் கூரை பாதி பிய்த்துக்கொண்டு போனது. அக்காவின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கைதான். கூரை போட ஐந்து நாளாகும் என்று கொத்தனார் கைவிரித்துவிட்டார். அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தார்ப்பாயைப் போர்த்தி, அக்கா நேராகக் கூடத்து வாசலுக்கு வந்து நின்றாள். பலகையைப் படித்திருக்கிறாள், பாவம், நம்பியும்விட்டாள்.

சாவி சபைச் செயலாளரிடம் இருந்தது. பதிவு அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர். ‘மேற்படியார்’ என்று சொன்னால்தான் யாருக்கும் புரியும். பேசுவதற்கு முன் மூன்று தடவை செருமுவார். மூன்றாவது செருமலில் எதிரே நிற்பவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

“க்கும். க்கும். க்கும். மேற்படி கதவு ஞாயிறு காலை ஒன்பதரைக்குத்தான் திறக்கப்படும்.”

“அம்மா நனையுறாங்க ஐயா. உள்ளே கட்டில் சும்மாதானே கிடக்கு?”

“கிடக்கு. இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா இன்னைக்கே திறந்துட்டா, ஞாயித்துக்கிழமை பேராயர் எதைத் திறப்பாரு? திறந்த கதவை யாராவது திறக்க முடியுமா? நீயே சொல்லும்மா.”

அக்கா நிமிர்ந்து பலகையை இன்னொரு தடவை படித்தாள். நாங்களும்தான்.

போதகரைக் கூட்டிவந்தார்கள். அவர் நல்ல மனிதர். ஒரே ஆளிடம் பேசினாலும் ‘பிரியமானவர்களே’ என்றுதான் ஆரம்பிப்பார், பால்காரரிடம்கூட. பிரியமானவர்களே, என் உள்ளம் உருகுகிறது என்றார். நிஜமாகவே உருகியது. பின்கதவு வழியாக விட்டால் என்ன என்று ஒரு யோசனையும் சொன்னார். மேற்படியார் செருமினார். எளியவர்களைப் பின்கதவு வழியாக அனுமதிப்பது அவர்களுடைய கண்ணியத்துக்கு இழுக்கு என்று குழு ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்ததாம். கண்ணியத்தை யார் எதிர்த்துப் பேசுவது? போதகர் நீளமாக ஜெபித்துவிட்டுக் குடையோடு போய்ச் சேர்ந்தார்.

அக்காவை வெறுங்கையோடு அனுப்பினோம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. ஒரு டோக்கன் கொடுத்தோம். எண் ஒன்று. ஞாயிறன்று முதலில் உள்ளே நுழையும் பயனாளி அவள்தான். புகைப்படக்காரர் வருவதால் அன்றைக்கும் இதே கோலத்தில் வந்தால் நன்றாயிருக்கும் என்று மேற்படியார் பணிவோடு கேட்டுக்கொண்டார்.

எதிர் வரிசை சலூன்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி திரும்புவதைப் பார்த்ததும் பாதி இறக்கியதை மறுபடி ஏற்றினார். அங்கே குழுவும் கூடவில்லை, தீர்மானமும் போடவில்லை. நாற்காலியை முழுக்கச் சாய்த்து, கால்பக்கம் பெஞ்சை இழுத்துப் போட்டு, மெத்தை விரித்து அம்மாவைப் படுக்கவைத்தார். கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளை ஒதுக்கிவிட்டு மறுநாள் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷினுக்கும் இடம் கொடுத்தார். ஒழுங்குமுறை தெரியாத மனிதர்.

சனிக்கிழமை எங்கள் சபையே அந்தச் சலூனில்தான் இருந்தது. பேராயர் வருகிறார், முடி வெட்டாமல் எப்படி? நாற்காலியில் அம்மா படுத்திருந்ததால் எல்லோருக்கும் முக்காலிதான். முதுகு சாய வழியில்லை, இதெல்லாம் ஒரு கடையா என்று ஆளாளுக்குக் குறைப்பட்டோம். மேற்படியார் முக்காலியில் அமர்ந்தபடியே அக்காவுக்கு நாளை ஒன்பதரையை நினைவூட்ட விரும்பிச் செருமத் தொடங்கினார்.

“செருமாதீங்க ஐயா, காது போயிடும்,” என்றார் சலூன்காரர்.

என் நினைவில், மேற்படியார் ஒரே ஒரு செருமலோடு நிறுத்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பன் வெட்டப்பட்டது. கதவு திறந்தது. கைதட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே போக ஆளில்லை. பேராயர் ஆறு கட்டிலையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். மேற்படியார் புகைப்படக்காரரை இழுத்துக்கொண்டு சலூனுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம்.

“டோக்கன் ஒன்று, வாம்மா. பேராயர் நிக்கிறாரு. அம்மா ஒரு பத்து நிமிஷம் வந்து படுத்துட்டுப் போகட்டும்.”

அக்கா மெஷினை நிறுத்தினாள். “இப்பத்தான் வலி அடங்கித் தூங்குறாங்க. எழுப்ப மாட்டேன் ஐயா. கூரையும் நாளைக்கு முடிஞ்சிரும்.” டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இன்னும் யாருக்காவது கூரை பறக்கும். அப்போ குடுங்க.”

மேற்படியார் திரும்பி வந்து, சபை முன்னால் அறிக்கை வாசித்தார். மேற்படி பகுதியில் ஒதுங்க இடமில்லாதவர் எவருமில்லை என்பது நேரடி விசாரணையில் உறுதிசெய்யப்பட்டது. பேராயர் நெகிழ்ந்துபோனார். மற்ற சபைகள் வருஷக்கணக்காகப் போராடியும் முடியாத ஊழியத்தை நாங்கள் ஒரே காலையில் நிறைவேற்றிவிட்டோம் என்று பாராட்டினார். விரிப்பில் தூசி விழாதபடி கதவு மறுபடி பூட்டப்பட்டது.

ஒரு ஊழியம் முடிந்தால் அடுத்தது வேண்டாமா? போதகரே எழுந்தார். “பிரியமானவர்களே, நம் எதிர் வாசலிலேயே ஒரு சகோதரர் சலூன் வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நம் படியேறியதில்லை. அன்பு என்றால் என்னவென்று அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?”

ஐந்து பேர் கொண்ட குழு முன்மொழியப்பட்டது. ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் மேற்படியார். எல்லாக் கையும் உயர்ந்தது. என்னுடையது மட்டும் கொஞ்சம் தாமதம். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். தூக்கிவிட்டேன்.