போலந்துக்காரர் காத்திருந்த இரண்டு நாள்

எனக்குப் போலிஷ் மொழி தெரியும் என்று வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர் என் முதலாளியாக இருந்துவிட்டார். (விதி. வேறென்ன சொல்ல.)

பிள்ளைகளா, அப்போது நான் கப்பலூரில் ஒரு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். எண்பதுகளின் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் பெர்மனென்ட். அதற்குள் பழங்காநத்தத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, தெளிவாகச் சொல்லிவிட்டார். "பெர்மனென்ட் லெட்டர் வரட்டும் மாப்ள, ஆவணியில முடிச்சிருவோம்." அந்த லெட்டரை நினைத்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன்.

அந்தச் சமயத்தில் போலந்திலிருந்து ஒரு மெஷின் வந்தது. மரப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே கையகலத்தில் ஒரு புத்தகம். ஒரு பக்கம் அன்றாடம் பேசும் இங்கிலீஷ் வார்த்தைகள், எதிர்ப் பக்கம் அதற்கான போலிஷ், எப்படிச் சொல்வது என்ற விவரத்தோடு. ஸ்டோரில் எனக்கு வேலை குறைவு. நாலே நாளில் இருபது வார்த்தை மனப்பாடம். குட் மார்னிங்குக்கு 'ஜென் டோப்ரி'. தேங்க் யூவுக்கு 'ஜென்குயே'. அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலாளி ஸ்டோர் பக்கம் வந்தபோது, "போலிஷ் கொஞ்சம் வரும் முதலாளி" என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரம் மெஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட மாரெக் என்ற இன்ஜினீயர் வந்து இறங்கினார். எங்கள் ஆபீஸ் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். இங்கிலீஷ் சுத்தமாக வராது. "நீதான் அவருக்கு வாய்" என்றார் முதலாளி.

முதல் இரண்டு நாள் திருகுவதும் பூட்டுவதும்தான். கையைக் காட்டியே ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் காலை மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டாயிற்று. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. முதலாளி கோயம்புத்தூருக்குக் கிளம்பினார்.

"நாளன்னைக்குக் காலையில பார்ட்டியோட வருவேன். ரெண்டு மூட்டை போல்ட்டாவது அடிச்சு வச்சிருக்கணும். இல்லைன்னா ஆர்டர் போச்சு" என்று ஃபோர்மேன் பால்ச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கிளம்புறேன்னு அவங்க பாஷையில எப்படிடா? நானே சொல்றேன்."

புத்தகத்தைப் புரட்டினேன். 'ஐ ஆம் கோயிங்' இருந்தது, 'இதே' என்று. ஆனால் மாலை போட்ட மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு மனுசன் வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லலாமா? எந்த வீட்டில் அப்படிச் சொல்வார்கள்? எனக்கு உடம்பு கூசியது. அடுத்த வரியில் 'ஐ வில் கம் பேக்' இருந்தது, 'வ்ரூட்ஸே' என்று. அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"இதே. வ்ரூட்ஸே" என்றார் முதலாளி, கம்பீரமாக.

மாரெக் தலை குனிந்து வணங்கினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

பத்து மணி, பன்னிரண்டு மணி. எழுந்திருக்கவில்லை. பால்ச்சாமி அண்ணன் பொறுக்கமாட்டாமல் சுவிட்சில் கை வைக்கப் போனார். மாரெக் குறுக்கே நின்று மறித்துவிட்டார். அன்று முழுக்க அப்படியே போனது. மறுநாள் காலையும் அதே ஸ்டூல், அதே வாசல்.

"அந்தாளை என்னடா சொல்லி வஞ்ச?" என்றார் அண்ணன்.

"வையலண்ணே. மரியாதையாத்தான் சொன்னேன்."

"மரியாதையாச் சொன்னதுக்கா இம்புட்டுக் கோவம்?"

புத்தகத்தைத் திறந்து காய்ச்சலா, பசியா, பல்வலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'நியே' என்றார். இல்லையாம். லேத் ஓட்டும் முருகன் என் காதருகே வந்து, "மாப்ள, பேசாம ஆரப்பாளையம் போய் தேனி பஸ் ஏறித் தப்பிச்சிரு" என்றான். (விளையாட்டுக்குச் சொன்னான். நான் கையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்தேன்.)

மத்தியானம் மாரெக்கே புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். ஐ வில் கம் பேக். பிறகு வாசலைக் காட்டினார். பிறகு இன்னொரு வரி. எப்போது?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலாளி இதோ வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார், அவர் வந்துதான் சுவிட்ச் போடுவார் என்று மரியாதைக்காக இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறார் மனுசன். 'அது சும்மா சொல்வது, எங்கள் ஊர் வழக்கம்' என்பதற்கு அந்தப் புத்தகத்தில் வரியே இல்லை. முதலாளி கோயம்புத்தூரில் எங்கே தங்கியிருக்கிறார் என்றும் தெரியாது. ஆர்டர் போனது, லெட்டர் போனது, ஆவணி போனது என்று ஒரு மூலையில் குந்திவிட்டேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. ஆட்கள் சைக்கிளை எடுத்தார்கள். "வாரேண்ணே." "சரி, வாரேன் மாப்ள."

துள்ளி எழுந்து மாரெக்கின் கையைப் பிடித்துக் கம்பெனி கேட்டுக்கு இழுத்துப் போனேன். ஒவ்வொருவனையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒருவன் "வாரேன்" என்பான். நான் 'வ்ரூட்ஸே' என்பேன். அவன் சைக்கிள் ரோட்டில் ஏறி மறைந்துவிடும். அடுத்தவன். அவனும் வரமாட்டான். பத்தாவது ஆள்வரை மாரெக் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்தாவது ஆளில் என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியாக பால்ச்சாமி அண்ணன் "வாரேன்டா" என்று கிளம்பினார். மாரெக் அவர் சைக்கிள் கேரியரைப் பிடித்து நிறுத்திவிட்டார். அன்று ராத்திரி முழுக்க மெஷின் ஓடியது.

மறுநாள் காலை பார்ட்டியோடு முதலாளி வந்தபோது இரண்டு மூட்டை போல்ட் தயார். ஆர்டர் கிடைத்தது. நடந்ததை அண்ணன் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். முதலாளி கூப்பிட்டார்.

"கிளம்புறேன்னுதானடா கேட்டேன். நீ ஏன் சேத்த?"

"வெறும் போறேன்னு உங்களைச் சொல்ல வைக்க மனசு வரலைங்க முதலாளி."

முதலாளி பேனாவை எடுத்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. பெர்மனென்ட்டை மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போட்டார். ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணம் தைக்குப் போனது.

உங்கள் அம்மா அந்த ஐந்து மாதத்தை இன்னும் மறக்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு "வாரேன்" என்றால், அடுப்படியிலிருந்தே கேட்பாள். "நம்மூர் வாரேனா, போலந்து வாரேனா?"

போலந்து வாரேன் என்றால் மட்டும்தான் எனக்கும் சேர்த்து உலை வைப்பாள்.